உப்புத் தண்ணீரில் நின்ற கால்

அந்தமானில் ஒரு சின்னத் தீவில் படகு அணையும் ஜெட்டி கட்டும் வேலைக்கு நானும் இன்னொருவரும் சேர்ந்து போயிருந்தோம். அவர் சதுரங்கப்பட்டினத்து மீனவர். நான் மதுராந்தகம் பக்கம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கிடைத்த வண்டியில் ஏறிப் பழகியவன். நெம்மேலியில் குழாய் பதிக்கும் வேலையில் அவர் பழக்கமானார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அண்ணாத்த என்பேன், அவர் மச்சான் என்பார்.

ஜெட்டியில் ஒரு கம்பி அவருடைய கணுக்காலைக் கிழித்தது. ஆழமில்லை. அவர்கள் குப்பத்தில் மீன்முள் குத்தினாலும் கத்தி பட்டாலும் கடலில் இறங்கி நிற்பார்கள். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. காலையும் மாலையும் முழங்கால் ஆழத்தில் போய் நின்றார். மேஸ்திரியிடம் மருந்துப் பெட்டி இருந்தது. ஏரித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாத நான், கடல்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கடல் எங்கள் கடல் மாதிரி இல்லை. அலையே இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடந்தது. கரையெல்லாம் அழுகிய இலை நாற்றம்.

மூன்றாம் நாள் விடிந்தபோது கால் தூண்போல வீங்கியிருந்தது. கணுக்காலைச் சுற்றிக் கறுநீலக் கொப்புளங்கள். காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரி பெரிய தீவில்தான். பயணிகள் படகு வழியில் இரண்டு தீவுகளில் நின்று போகும்.

"யார்கிட்டயும் காட்டாத," என்று ஏறும்போதே சொன்னார். "பாத்தா கால எடுக்கணும்னுவானுங்க. ஒத்தக் கால வச்சிகினு போட்ல நின்னு வலை இழுக்க முடியுமா?"

"மருந்து போட்டு அனுப்பிடுவாங்க அண்ணாத்த."

"ஆமா, இவரு பெரிய டாக்டரு. எட்டாங்கிளாஸ் டாக்டரு."

லுங்கியைப் பாதம் வரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

முதல் தீவில் சிமெண்ட் மூட்டைகளும் நான்கு ஆடுகளும் ஏறின. ஓர் ஆடு அவர் காலருகில் மோந்து பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டு விலகியது.

"ஆட்டுக்கே புடிக்கல மச்சான்," என்று சிரித்தார். காய்ச்சல் குளிரில் பல் அடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு காற்று நின்றுவிட்டது. மழை இல்லை, மேகம்கூட அதிகமில்லை. ஆனால் தெற்கிலிருந்து தண்ணீர் உருண்டை உருண்டையாக எழும்பி வந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மத்தியானம் படகை ஓட்டிவந்து இரண்டாவது தீவின் வளைவுக்குள் கட்டிய சாரங், வெளியே கடல் சரியில்லை, காலையில்தான் கிளம்புவோம் என்றார். படகு அவர் பொறுப்பு. பிறகு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். ஆஸ்பத்திரி, சாவு என்று யாருக்காவது அவசரம் இருந்தால் இப்போதே சொல்லலாம், வெளிச்சம் இருக்கும்போதே தாண்டப் பார்க்கிறேன் என்று.

அண்ணாத்த என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது. "வாயத் தொறந்த, அவ்ளோதான்."

நான் திறக்கவில்லை.

எல்லோரும் இறங்கிப் போய் டீ குடித்தார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். திடீரென்று ஊரில் இருக்கிற தன் தம்பியோடு பேச ஆரம்பித்தார். "வலைய வுடுடா, இன்னா பாத்துகினு கீற," என்று படகின் பலகையைத் தட்டினார். லுங்கியைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் கணுக்காலோடு இருந்த கறுப்பு முழங்காலைத் தொட்டிருந்தது.

ஓடிப்போய் சாரங்கைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் உடனே இன்ஜின்காரரைக் கூப்பிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். ராத்தங்கல் என்று நினைத்துச் சோறு சொல்லியிருந்த ஒருவர் சத்தம் போட்டார். காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

படகு ஏறி ஏறி விழுந்தது. ஆடுகள் கத்தின. நாற்றம் தாங்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நடுவில் ஒருமுறை அவருக்கு நினைவு வந்தது. "சொல்லிட்ட இல்ல? துரோகி," என்றார்.

பெரிய தீவு ஆஸ்பத்திரியில், எத்தனை நாளாக இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். மூன்று நாள் என்றேன். என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு, கடல் தண்ணீரில் நின்றதைச் சொன்னேன். புண் வழியாக அந்தத் தண்ணீரில் இருந்த கிருமிதான் உள்ளே போயிருக்கிறது என்றார். உறவு யார் என்றார்கள். தம்பி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் கண் விழித்தபோது, வலது தொடைக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"நீயா கையெழுத்துப் போட்ட?"

"ஆமா அண்ணாத்த."

"சாரங்கு கேட்டப்போ வாய மூடிகினு குந்திகினு இருந்தியே. அப்பவே சொல்லியிருந்தா முட்டியாவது தங்கியிருக்குமா?"

டாக்டரம்மாவிடம் நான் முதலில் கேட்டதே அதைத்தான். தங்கியிருக்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

"தெரியல அண்ணாத்த," என்றேன்.