வெயில் பார்த்து நிறுத்திய வண்டி

எங்க ஊர்ல வண்டியை நிழல்ல நிறுத்துறவனைப் பார்த்தா, இவனுக்கு என்ன கிறுக்கான்னுதான் கேட்போம். மலை மேல இருக்கற அட்டுவம்பட்டியில வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்துத்தான் வண்டியைப் போடுவோம். சீட்டு கதகதன்னு இருக்கணும், கண்ணாடியில படிஞ்ச பனி வடியணும். உள்ளே நாய் இருந்தா இன்னும் கவனமா வெயில் தேடுவோம். கண்ணாடியையும் முழுசா ஏத்தி விட்டுட்டுத்தான் இறங்குவோம், பாவம் வாயில்லா ஜீவன் குளிர்ல நடுங்கக் கூடாதேன்னு. அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கிட்டுப் பழனிக்கு இறங்கினோம் பாருங்க, அதுதான் நாங்க செஞ்ச கூத்து.

நானும் எங்க வீட்டுக்காரரும் சின்னதா ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துறோம். பிள்ளைங்க ரெண்டும் வெளியூர்ல. அதனால வீட்டுல அதிகாரம் பண்ண மிச்சம் இருந்தது எங்க நாய் ஒருத்தன்தான். பயல்னுதான் சொல்வோம். கழுத்தைச் சுத்திச் சடை சடையா முடி, மழைக்காலத்துல அதுக்குள்ள கையை விட்டா எடுக்கவே மனசு வராது. சாப்பிட வர்றவங்க காலுக்கடியில போய்ப் படுத்துக்குவான். யாரும் வைய மாட்டாங்க, அவங்க காலுக்கும் சூடா இருக்கும்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெளியே போனா மட்டும் தெருவே கூடுற மாதிரி ஊளையிடுவான்.

போன வருஷம் சித்திரையில கடைக்குப் பெரிய பாத்திரங்க வாங்க வேண்டியிருந்துச்சு. பழனி பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்கற பாய்கிட்டத்தான் எப்பவும் வாங்குவோம். பயலைப் பக்கத்து வீட்டுல கட்டிப் போட்டுட்டுப் போவோம்னு நான் சொன்னேன். இவரு கேட்கலை. ஊளையிட்டே செத்துருவான், கூட வரட்டும்னாரு. சரி, வெள்ளனே கெளம்பி, வெயில் ஏறுமுன்னாடி சோலியை முடிச்சுட்டு வெரசா மேல வந்துரலாம்னு கணக்கு.

பஜார்ல போய்ச் சேர்ந்தப்போ இன்னும் சூடு ஏறலை. ஒரு வேப்பமரத்தடி காலியாத்தான் கெடந்துச்சு. இவரு அண்ணாந்து பார்த்தாரு, மரத்தைத் தாண்டிப் போயி, நல்லா வெயில் விழுற இடமாப் பார்த்து நிறுத்தினாரு. கண்ணாடியை எல்லாம் ஏத்தினாரு. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்? நல்ல இடமாக் கெடைச்சிருச்சுன்னு வேற சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் இவரை மட்டும் திட்டி என் மனசை ஆத்திக்க முடியாம இருக்கறதுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

கடைக்குள்ள ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாய் டீ வாங்கிக் கொடுத்தாரு. அந்தச் சட்டிக்குக் கைப்பிடி சரியில்ல, இந்த அண்டா கனம் பத்தாதுன்னு நான் ஒவ்வொண்ணா உருட்டிப் பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு அதுல ஒரு சந்தோஷம். ஒரு வழியா எடுத்து வச்சுட்டு, வண்டியில பயல் காத்துக்கிட்டு இருப்பான், சீக்கிரம் கட்டுங்க பாய்னு சொன்னேன். அவரு கையில இருந்த சணலை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சாரு. வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டுக்கிட்டே செருப்புகூடப் போடாம ஓடினாரு.

பயல் சீட்டுக்கு அடியில கெடந்தான். நாக்கு தடிச்சுத் தொங்குது, வாயெல்லாம் நுரை, கண்ணு என்னைப் பார்த்துச்சு ஆனா பார்க்கலை. பாய்தான் தூக்கி நிழல்ல போட்டு, பக்கத்துக் கடைக் குடத்தை வாங்கி அவன் மேல ஊத்தினாரு. மாட்டாஸ்பத்திரி அடுத்த தெருவுலதான், உடனே தூக்கிட்டுப் போங்க தங்கச்சின்னு சொன்னாரு.

"எங்க ஊருக் காத்து பட்டா எந்திரிச்சிருவான் பாய்"னேன் நான்.

மலைக்காரங்களுக்கு இது ஒரு வியாதி. கீழே இறங்கினா தலைவலியா, மயக்கமா, பிள்ளைக்கு வேர்க்குருவா, எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம், மேல ஏறிடணும். இவரும் தலையை ஆட்டினாரு. பாத்திரத்தை எல்லாம் அங்கேயே போட்டுட்டுக் கெளம்பிட்டோம்.

நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஈரத்தோட அவனை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வளைவு வளைவா ஏறி, குளிர்காத்து முகத்துல பட்ட எடத்துல மெல்லத் தலையைத் தூக்கினான். அப்புறம் தானா எந்திரிச்சு ஜன்னல்ல மூஞ்சியை நீட்டினான். ஐயோ, நான் அழுத அழுகையும் சிரிச்ச சிரிப்பும்! வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சான். வாசல் வரைக்கும் நடந்தான். நான் போனை எடுத்துப் பாய்கிட்ட, பார்த்தீங்களா எங்க ஊருக் காத்தைன்னு பெருமை பீத்திக்கிட்டேன். எதுக்கும் டாக்டர்கிட்டக் காட்டிருங்கன்னாரு. நடமாடுற நாய்க்கு எதுக்கு டாக்டர்னு கேட்டேன்.

மறுநாள் காலையில ரத்தமாப் போனான். அலறி அடிச்சுக்கிட்டு டவுனுக்குக் கொண்டு போனோம். சூடு உள்ளே போயி எல்லாத்தையும் கெடுத்திருச்சு, எந்திரிச்சு நடந்தான்னு நம்பியிருக்கக் கூடாது, நேத்தே வந்திருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. மத்தியானத்துக்குள்ள போயிட்டான். வீட்டுக்குப் பின்னால பேரிக்காய் மரத்துப் பக்கத்துல புதைச்சோம். இவரு இப்பவும் எங்கயாவது வண்டியை நிறுத்தினா, இறங்காம கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு.

அந்த வாரமே பாய் பாத்திரத்தை பஸ்ஸுல போட்டு விட்டுட்டுப் போன் பண்ணினாரு. பயல் எப்படி இருக்கான்னு கேட்டாரு. நல்லா இருக்கான்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? அவ்வளவு பீத்தின வாய், மாத்திச் சொல்ல வரலை. வெட்கம். அப்புறம் ஒவ்வொரு தடவை பேசும்போதும் அவரு கேக்கறதும், நான் நல்லா இருக்கான்னு சொல்றதும்.

இந்த வருஷம் நான் மட்டும் பஸ்ஸுல பழனிக்குப் போனேன். கடைக்குள்ள நுழைஞ்சதுமே பாய் சிரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாரு. ஒரு மணி நேரம் முன்னாடிதான் எங்க மலையில இருக்கற பண்ணைக்காட்டுக் குடும்பம் ஒண்ணு ஜீப்புல வந்துச்சாம், தெரிஞ்சவங்களாம். ஜீப்புக்குள்ள விட்டுட்டுப் போன நாய் மயங்கிக் கெடந்துச்சாம். தண்ணி ஊத்திட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் போனாங்களாம். "நான்தான் உங்க கதையைச் சொன்னேன் தங்கச்சி. மலை ஏறினா எந்திரிச்சிரும், எனக்குத் தெரிஞ்ச நாயே எந்திரிச்சு நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பி வச்சேன்"னாரு.

அவங்களுக்கு உடனே போன் போடுங்கன்னேன். எதுக்குன்னு விளங்காமலே போட்டாரு. அந்த வீட்டம்மாதான் எடுத்தாங்க. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, எந்திரிச்சிருச்சாம், வெளியே வேடிக்கை பார்த்துக்கிட்டு வருதாம்னு முகமெல்லாம் சிரிப்பா என்கிட்டப் போனை நீட்டினாரு. அந்தப் பக்கம் ஜீப்புச் சத்தம், பிள்ளைங்க கும்மாளம். வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்கன்னு சொன்னேன். நல்லா எந்திரிச்சு நிக்குதே அக்கா, இனி எதுக்கு ஆஸ்பத்திரின்னு அந்தம்மா கேட்டாங்க. பாய் எதிர்ல நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"எங்க பயலும் எந்திரிச்சு நின்னாம்மா. மறுநாள் செத்துட்டான். வண்டியைத் திருப்புங்க."