இடி இறங்குவதற்குள் ஒரு நகல்: ஈஜோக் பயணம்

கோலசிலாங்கூர் பக்கம் போனால் என்ன பார்க்கலாம் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். மெலாவத்தி குன்று, அங்குள்ள குரங்குகள், ஆற்றோர மீன் சாப்பாடு எல்லாம் பற்றி ஏற்கெனவே எழுதிவிட்டேன். நான் முதன்முதலில் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு கணினியில் இருந்ததை நகல் எடுக்க. அதை இன்றைக்குச் சொல்கிறேன்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, அக்டோபர். எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூரில் கணினி பொருத்திக் கொடுக்கும் சின்னக் கம்பெனியில் வேலை. ஈஜோக் அருகே எண்ணெய் தரும் செம்பனைக்கான ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. கணினி வட்டு ஒன்று கரகரவென்று சத்தம் போடுகிறது, யாரையாவது உடனே அனுப்புங்கள் என்றார்கள். கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஆண்கள் இருவரும் ஈப்போவில் இருந்தார்கள். நான் கிளம்பினேன்.

புடுராயா நிலையத்தில் காலை ஏழு மணிப் பேருந்து. கோலசிலாங்கூர் வரை அறுபத்தேழு கிலோமீட்டர், கட்டணம் மூன்று வெள்ளி, அதாவது ரிங்கிட். அங்கிருந்து ஈஜோக்குக்கு வாடகைக் கார், பன்னிரண்டு வெள்ளி. ஓட்டியவர் ஹமீது பாய். பூர்வீகம் நாகூர்ப் பக்கமாம். என் பையிலிருந்த நாடாச் சுருள்களைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, சினிமாப் படமா?"

"கணினியில உள்ளதை எழுதி வைக்கிற நாடா பாய்."

"அப்ப கணினியிலயும் இருக்கும், இதுலயும் இருக்குமா? எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு போனா ஒண்ணு வேணும்ல."

"அதுவும் சரிதான் லா," என்று சிரித்தார். இந்தத் தொழிலை நான் யாருக்கும் இதைவிடச் சுருக்கமாக விளக்கியதில்லை.

நிலையத்தில் என்னை வரவேற்றவர் சரோஜினி அக்கா. நாற்பது வயதிருக்கும், செம்பனைக் கலப்பின ஆய்வாளர். எந்த மரத்தின் மகரந்தத்தை எந்த மரத்துப் பூவுக்குக் கொடுத்தார்கள், பிறந்த கன்று எப்படிக் காய்த்தது என்று பதினான்கு ஆண்டு விவரம் கரகரத்த அந்த வட்டில்தான் இருந்தது. பழைய தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. அது போனால், வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்களுக்குத் தாய் தகப்பன் யாரென்று சொல்ல எதுவும் இல்லை.

ஆய்வறையில் இரண்டு கணினிகள், அலமாரி உயரத்தில் நான்கு வட்டுப் பெட்டிகள். எந்தக் கணினியிலிருந்தும் எந்த வட்டையும் கம்பி வழியே எட்டலாம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி விதைக் கிடங்கில், நாடா ஓட்டியோடு மூன்றாவது கணினி. அதற்குச் 'சிம்பான்' என்று பெயர் வைத்தேன். மலாயில் சேமி என்று பொருள். ஒரு கட்டடம் எரிந்தாலும் மற்றது மிஞ்சட்டும் என்பதே திட்டம்.

முதல் நாள் முழுக்க அமைப்பு வேலை. சுட்டி கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, எல்லாமே தட்டச்சுக் கட்டளை. மூன்று கணினிகளுக்கும் ஒன்றின் பெயரை ஒன்றுக்கு அறிமுகம் செய்தேன். ஆய்வறைக் கணினி கேட்டால் நாடாவைத் திறந்துவிடச் சிம்பானுக்கு அனுமதி எழுதினேன். பிறகு ஒரு சிறு கோப்புறையை அனுப்பிப் பார்த்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அக்கா.

"எழுதிருச்சு. திரும்பப் படிச்சுப் பாத்தாதான் முடிஞ்சதா அர்த்தம்."

படித்துப் பார்த்தேன். நாடா வெறுமையாக இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு கட்டளையை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நாடா ஓட்டியின் பெயர் rmt8. நான் rtm8 என்று அடித்திருந்தேன். அப்படி ஒரு கருவி இல்லை என்று கணினி சொல்லாது. அந்தப் பெயரில் தானாகவே ஒரு கோப்பை உண்டாக்கி, எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டுச் சாதுவாக இருந்துவிட்டது. அதை அழித்துவிட்டுச் சரியாக அடித்தேன்:

tar cf - /palm | rsh simpan dd of=/dev/rmt8 obs=20b

இந்த முறை போனது திரும்பி வந்தது. மறுநாள் மதியம், அக்காவின் ஆட்கள் அன்றைய பதிவை முடித்ததும், முழு நகலையும் தொடங்கினேன். ஒரே சுருள், நாற்பது நிமிடம் ஆகும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, படாங் ஜாவா பக்கம் வானம் கறுத்தது. முதல் இடி கேட்டதுமே நிலைய மேலாளர் அருளப்பன் வந்துவிட்டார். இடி கேட்டால் எல்லாக் கணினியையும் அணைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

"மிஸ் கௌரி, ஆஃப் பண்ணுங்க. போன வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சே எரிஞ்சு போச்சு."

"சார், இந்த வட்டு இருக்கிற நிலைமையில நிறுத்தினா திரும்பச் சுத்துமான்னு தெரியாது."

"ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல கம்பி ஓடுது. இடி இறங்குனா இதுவும் போகும், நாடாவும் போகும். அப்ப என்ன செய்வீங்க?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் நான் தெளிவாக இருந்தேன். இடி விழலாம், விழாமலும் போகலாம். அந்த வட்டின் சத்தத்தைக் கேட்ட எனக்கோ, நின்றால் அது எழாது என்பதில் சந்தேகமே இல்லை. அதைத்தான் சொன்னேன். இருவரும் அக்காவைப் பார்த்தோம்.

அவர் சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓடட்டும் சார். போனா எம் மேல எழுதுங்க," என்றார்.

மழை கொட்டத் தொடங்கியது. விளக்கு ஒருமுறை மங்கித் திரும்ப எரிந்தது. கட்டளை முடிந்து, அடுத்த கட்டளை கேட்கும் குறி திரையில் வந்ததும், கிடங்குக்குப் போகும் கம்பியைக் கழற்றினேன். கிடங்குக்கு ஓடினேன். நனைந்த கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு நாடாவை முதலிலிருந்து படிக்கவிட்டேன். கோப்புப் பெயர்கள் திரையில் வரிவரியாக ஏறின. கடைசிப் பெயர் வரை பார்த்துவிட்டு ஆய்வறைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வந்திருச்சுக்கா. இப்ப ஆஃப் பண்ணலாம்."

மறுபக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலை அந்த வட்டு எழவில்லை. இரண்டு முறை முனகிவிட்டு நின்றுவிட்டது. நாடாவிலிருந்து எல்லாவற்றையும் அடுத்த வட்டுக்கு இறக்கினேன். அந்த வாரப் பதிவுக் கோப்பை மட்டும் நகல் ஓடும்போது யாரோ மூடாமல் விட்டிருக்கிறார்கள். அது பாதியில் உடைந்திருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒரு வாரந்தானே கௌரி," என்றார் அக்கா. "இந்த வாரச் சீட்டு இன்னும் மரத்துலதான் தொங்குது, பாத்து அடிச்சிக்கலாம்."

அருளப்பன் சார் தன் கையாலேயே எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். முந்தின நாள் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்னொரு சுருள் எழுதி, கலும்பாங்கில் இருக்கும் அவர்களுடைய கிளையில் வைப்பது என்று முடிவானது. ஹமீது பாயை வரச் சொன்னோம். அக்கா சுருளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் போகாமல் ரவாங் வழியாகப் போனோம். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒன்றே முக்கால் மணி நேரம்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: அக்டோபரில் போனால் மதியம் இரண்டுக்குள் சாலையை முடித்துவிடுங்கள், அதற்குமேல் மழை பிடித்துக்கொள்ளும். ஈஜோக்கில் சாப்பாட்டுக் கடை குறைவு, கோலசிலாங்கூரிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கணினிக்காரர்களுக்கு: நகல் எடுத்த அன்றைக்கே திரும்பப் படித்துப் பாருங்கள். பிழைச் செய்தி வரவில்லை என்பதை நம்பாதீர்கள். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். சில சமயம் இரண்டு ஆபத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அப்போது பொருளுக்கு உரியவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

கலும்பாங்கில் கிளை அலுவலக வாசலில் கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வட்டு சத்தம் போடத் தொடங்கியதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை என்று ரவாங்கில்தான் சொல்லியிருந்தார்.

"எழுப்பட்டா தங்கச்சி?" என்று பாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேணாம் பாய். இன்னொரு சுத்து போங்க."

கலும்பாங்கில் இருந்ததே ஒரு கடைத்தெரு. அதை மெதுவாக மூன்று முறை சுற்றி வந்தோம்.