கார்டு வீட்டு உண்ணிவேலி

திண்டுக்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். அறுபதுகளின் தொடக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிது. கொடைக்கானலுக்குப் போய்வந்தவர் அங்கிருந்து உண்ணிச்செடிக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து வாசலைச் சுற்றி நட்டார்.

"துரைமார் பங்களாவுல எல்லாம் இதான் வேலி" என்றார்.

நான் குஜிலியம்பாறைப் பக்கம், மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். "ஆவாரை வைக்கலாமே மாமா, தண்ணியே கேக்காதே" என்றேன்.

"அது கண்ட எடத்துல முளைக்கிறது தாயி. அதைப் போயி யாராச்சும் வீட்டுல நடுவாகளா?"

உண்ணிச்செடி ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஜா நிறமுமாகப் பூத்தது. தெருவே நின்று பார்த்தது. வாசல் கதவுக்கு மேல் அதை வளைத்துக் கட்டி வளைவு போலாக்கினார். அடுத்த மழைக்கு வளைவு இறங்கித் தரையைத் தொட்டது. கதவு எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. வெட்டலாம் என்றால், பூத்திருக்கிறது என்பார். பூ முடிந்தால், கொண்டைக்குருவி முட்டையிட்டிருக்கிறது என்பார்.

இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஓடைப்பள்ளம். ஆகவே கார்டு வீட்டுக்குப் போக இருந்த ஒரே வழி எங்கள் வீடுதான். எங்கள் வாசலில் ஏறி, கூடத்தைக் கடந்து, என் அடுப்படிக்குள் நுழைந்து, புழக்கடைச் சுவரின் இடிந்த பகுதி வழியாக அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கார்டு நாகரிகம் தெரிந்தவர். உள்ளே பெண்பிள்ளை இருப்பாளே என்று வாசற்படியில் நின்று விசில் ஊதுவார். நான் "வாங்க மாமா" என்றால்தான் நகர்வார். போகிற போக்கில் குழம்பை எட்டிப் பார்த்து, "புளி தூக்கலா இருக்கும் போலிருக்கே" என்பார்.

பால்காரம்மாவும் அப்படித்தான் போனாள். தபால்காரரும் போனார். கட்டில் ஒன்று பக்கவாட்டில் படுத்துப் போனது. அவர்கள் வாங்கிய வெள்ளாடு போகும்போது, நான் ஆய்ந்து வைத்திருந்த கீரையைத் தின்றுவிட்டுப் போனது. என் வீட்டுக்காரர் இலையை இழுத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்.

கார்டு மகளைப் பெண் பார்க்கச் சின்னாளப்பட்டியிலிருந்து வருவதாக இருந்தது. முன்னாலேயே விளக்கிச் சொல்லி அழைத்துவர கார்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர்களோ முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கி, தெருமுனையில் "கார்டு வீடு எது?" என்று கேட்டிருக்கிறார்கள். ஊரார் எங்கள் வாசலைக் காட்டிவிட்டார்கள்.

வந்தவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அடுப்படியில் நான் அவர்களுக்காகத்தான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஒடம்புதான் செத்த பூசினாப்ல."

"இது ஆறாம் மாசம்" என்றேன். வேறென்ன சொல்வது?

மாப்பிள்ளை தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தார்.

"நீங்க பொண்ணுக்கு அண்ணனா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"புருசன்."

அந்த நேரம் வாசலில் விசில் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் கார்டு, வந்தவர்களை பஸ் ஸ்டாண்டில் தவறவிட்ட பதற்றத்தில், யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்துதான் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் விளக்கி முடிய வடை ஆறிப்போயிற்று. பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பின் ஒருவராக என் ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு, இடிந்த சுவரில் ஏறி இறங்கினார்கள். பட்டுப்புடவை கட்டியிருந்த மாப்பிள்ளையின் அம்மாவை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. நடந்ததைக் கேட்ட கார்டு மகள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மாப்பிள்ளைக்குப் பிடித்துப் போயிற்று. அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கார்டம்மா அரிவாளோடு வேலிக்கு வந்தாள்.

"எம்மக கல்யாண ஊர்கோலம் இவ அடுப்படி வழியாவா வரணும்? தள்ளுங்க அங்கிட்டு!"

என் வீட்டுக்காரரும் சேர்ந்து வெட்டினார். கை கால் எல்லாம் கீறல். வேரைக் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டியிருந்தது. அதற்கும் அசராமல், மண் ஈரமானபோதெல்லாம் எங்கிருந்தோ துளிர்த்தது. நாங்களும் விடாமல் பிடுங்கினோம்.

பிள்ளைப்பேற்றுக்குப் போய்த் திரும்பும்போது ஊரிலிருந்து ஆவாரை விதை கொண்டுவந்தேன். கார்டம்மாவும் நானும் முன்பக்கம் அதை ஊன்றினோம். பக்கவாட்டில் நொச்சிக் குச்சியும், அந்த வெள்ளாட்டை உத்தேசித்து, ஆடு வாய்வைக்காத ஆடாதொடையும் நட்டோம். கார்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈசிசேரில் படுத்திருந்தார்.

ஆவாரை பூத்து வேலி முழுக்க மஞ்சளானபோது, போகிறவர் வருகிறவர் நின்றார்கள். ஈசிசேர் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருநாள் யாரோ கேட்டதற்குக் கார்டு பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

"பெங்களூர்லருந்து தருவிச்ச விதை."

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டப் பூ வேண்டுமென்று தெருவே திரண்டு வந்து ஆவாரையை மொட்டையடித்தது. கார்டு தடுத்துப் பார்த்து ஓய்ந்துபோனார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, சட்டைக்குள்ளிருந்து கசங்கிய ஒரு கொத்தை எடுத்து நீட்டினார்.

"ஒனக்குன்னு ஒளிச்சு வச்சேன் தாயி. அம்புட்டையும் அள்ளிட்டுப் போயிட்டாக."

வேப்பிலையும் பூளைப்பூவும் நான் எடுத்துக்கொடுக்க, ஸ்டூலில் ஏறி எங்கள் வாசல் நிலைக்கு மேல் அவரே கட்டினார். கோணலாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.