கொத்தாத பக்கம்

அலவாங்கின் இரும்பு நுனி செங்கல்லில் பட்டு என் தோள்வரை அதிர்ந்தது. மார்ச் மாதத்துச் சனிக்கிழமை அது. அக்காவின் சத்திரசிகிச்சைக்கு இன்னும் மூன்று கிழமைகளே இருந்தன. ஹம்பேர்க்கில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் பதினாறு வருடங்கள் அருகருகே நின்று பாத்திரம் கழுவியவர்கள் நாங்கள்; உடன்பிறந்தவர் அல்ல, ஆனாலும் எனக்கு அக்காதான். ஓய்வு பெற்றபின் அவர் எஸ்-பான் ரயில் பாதையோரம் ஒரு சிறு தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்திருந்தார். முன்பு அங்கே ஏதோ கொட்டில் நின்றிருக்க வேண்டும். புல்லுக்குக் கீழே கல்லும் கண்ணாடித் துண்டும் இறுகிய களிமண்ணுமாகக் கிடந்தன.

நானோ மூன்று ஜொஹானிஸ்பேரிப் பழச்செடிகளைச் சட்டியோடு வாங்கிப் போயிருந்தேன். அன்றைக்கே நட்டுவிட எனக்கு அவசரம். மருத்துவர் பேசியபோது அக்காவின் பக்கத்தில் இருந்தவள் நான். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வராவிட்டால் என்ற நினைப்பை நான் எவரிடமும் சொல்லவில்லை.

"பொறு பிள்ளை. இந்த மண்ணில வைச்சா அதுகள் என்ன செய்யும்?" என்றார் அக்கா.

மூன்று சனிக்கிழமைகள் கொத்தினோம். நான் கல்லைக் கிளப்ப, அவர் கவிழ்த்த வாளியில் இருந்து புல்லின் வெள்ளை வேர்களை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். பழைய வேலையிடக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார். இடையிடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூட்டெரு கலந்து முடிந்தது பாதிப் பாத்திதான்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் தனியே போய் நட்டேன். இரண்டு செடிகளைப் பண்படுத்திய மண்ணில் வைத்தேன். அவற்றோடு அந்த இடம் நிறைந்துவிட்டது. மூன்றாவதற்குக் கொத்தாத பக்கத்தில் சட்டியளவு குழி வெட்டினேன். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை அக்கா விரல்களால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்றார்.

ஜூனில் அவர் மெலிந்து, என் கையைப் பிடித்தபடி தோட்டத்துக்கு வந்தார். இரண்டு செடிகள் தளிர்த்திருந்தன. மூன்றாவது மஞ்சளித்துச் சுருண்டிருந்தது.

"இந்தப் பக்கம் கொத்தினனியோ?"

"இல்லையக்கா. குழி மட்டும்தான் வெட்டினன்."

அதைப் பிடுங்கினேன். வேர்க்கட்டி சட்டியின் வடிவம் மாறாமலே வந்தது. குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. அக்கா செடியை மடியில் வாங்கி, சுருண்ட வேர்களை விரலால் கோதிப் பிரித்தார்.

"பாவம், சுத்திச் சுத்தி வழி தேடியிருக்கு," என்றவர், என்னைப் பாராமலே சொன்னார்: "படத்திலேயே கண்டனான். நீ அழுதுகொண்டுதான் நட்டிருப்பாய் எண்டு தெரியும். அதாலதான் சொல்லேல்ல."

அப்போதும் அழுதேன். பிறகு மண்வெட்டியை எடுத்தேன்.

அச்செடி பிழைத்தது. அக்கா இன்னும் ஐந்து கோடைகள் இருந்தார்.

தோட்டம் இப்போது என் பெயரில் இருக்கிறது. இந்த இலையுதிர்காலத்தில் வேலியோரம் புதிய செடிகளுக்காக மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். ஆழமாகத்தான் கொத்துகிறேன், வேர் ஒன்றையும் விடுவதில்லை. ஆனாலும் கதைக்க ஆளில்லாததால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை.