ஒரு தடவைதான் ஒலிக்கும்

டாக்டர்கள் ஆங்கிலத்தில் வேகவேகமாகச் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, ஒரு மருந்தைக்கூட மாற்றிக் கொடுக்காமல் வருடக்கணக்காக வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெரியாது என்று வெளிநாட்டு வேலைக்கான பரீட்சை இரண்டு தடவை சொல்லிவிட்டது. எழுதுவதில் தேறினாள், படிப்பதில் தேறினாள், பேசுவதில் அவளே எதிர்பார்க்காத மதிப்பெண். கேட்பதில் மட்டும் அரைப் புள்ளி குறைந்தது. அந்த அரைப் புள்ளி இல்லாமல் எந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியும் அவளை வாசல்படி ஏற விடாது.

ஆஸ்பத்திரியில் அவள் சிஸ்டர், தெருவிலும் சிஸ்டர். வீட்டில் மாமியாருக்கு "இந்தா", வீட்டுக்காரருக்கு "ஏய்". வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறார். வேலையும் அவர் கையில் சிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் முதலில் போவாள், பின்னாலேயே தானும் தன் அம்மாவும் போய் இறங்கிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. அவளுடைய கணக்கு வேறு. அவள் போவாள். அவரைக் கூப்பிட்டுக்கொள்ள ஒருநாளும் கையெழுத்துப் போடமாட்டாள். அந்த நாட்டில் பனி பெய்யுமா வெயில் கொளுத்துமா என்றுகூட அவள் விசாரித்ததில்லை. அவர் இல்லாத ஊர், அது போதும். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆக, இரண்டு பேருமே அந்தப் பரீட்சையைத்தான் நம்பியிருந்தார்கள்.

துணி துவைக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும், அடுப்படியிலும் அவள் வலது காதில் ஓர் இயர்போன் இருக்கும். அந்தப் பயிற்சிப் பதிவுகளில் வருகிற ஆட்களுக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. நூலகத்தில் சேர வந்த பெண் தன் வீட்டு எண் பதினைந்து என்பாள். அதை எழுதி முடிப்பதற்குள், ஐயோ அது பழைய வீடு, இப்போது ஐம்பது என்பாள். படகை வாடகைக்குக் கேட்கிற கிழவர் செவ்வாயில் ஆரம்பித்து வியாழனில் போய் முடிப்பார். முதலில் சொன்னதை நம்பி எழுதியவன் தொலைந்தான். 'சொன்ன சொல்லுல நிக்காத ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க போல' என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். வீட்டில் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். பரீட்சையில் ஒரு தடவைதான் ஒலிக்கும்.

பயிற்சி மையத்து மாஸ்டர் நல்ல மனுஷர். சத்தம் போடமாட்டார்.

"சிஸ்டர், கடைசியில வர்ற எஸ்ஸை முழுங்கிடறீங்க. அவன் 'கீஸ்'ங்கறான், நீங்க 'கீ'னு எழுதறீங்க. ஒரு சாவியா ரெண்டு சாவியாங்கறதுல உங்க வேலையே தொங்குது."

"வீட்ல கேக்கும்போது எல்லாம் சரியா வருதே மாஸ்டர்?"

"அப்ப பயம்தான். ஹாலுக்குள்ள போனதும் பயந்துடறீங்க."

பயத்தைப் பற்றி அவளுக்கு மாஸ்டரைவிட நன்றாகவே தெரியும். இது அதுவல்ல. ஆனாலும் தலையை ஆட்டி வைத்தாள்.

உண்மை அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி பூட்டி வைத்திருந்தாள். ராத்திரி வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் உலகமே அடங்கிப்போகும். நோயாளி தன் வலது பக்கம் இருக்கும்படி பார்த்துத்தான் நிற்பாள். வார்டில் யாராவது இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அவளுக்குத் தலைக்கனம் என்று புதிதாக வந்த நர்ஸுகள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சும் இடது பக்கத்திலேயே நடந்ததால் அவளுக்கு எட்டவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர் கூடத்திலிருந்து கூப்பிட்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "கூப்பிட்டா காதுல விழாதா?" என்று எழுந்து வந்து செவிட்டில் ஒன்று விட்டார். நம் மொழியில் அறை விழுகிற இடத்துக்கும், அறைந்த பிறகு வருகிற குறைக்கும் ஒரே பெயர்: செவிடு. யார் வைத்த பெயரோ, அனுபவப்பட்டவராகத்தான் இருக்கவேண்டும். அன்றைக்குத் தலையணையில் ரத்தம் இருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடு, மானம் போயிடும்" என்று பாடம் சொல்லிக் கொடுத்தது மாமியார். காதும் காதும் வைத்த மாதிரி விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை, ஆனால் ரத்தம் வரவில்லை, அதனால் யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது தோல்விக்குப் பிறகுதான் அவள் தன் ஆஸ்பத்திரியிலேயே காது பரிசோதிக்கிற அக்காவிடம் போனாள். எல்லாரும் அவரைக் காது அக்கா என்பார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காது முடிந்து இடது காது வந்தது. அவள் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது அக்காவின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"இடது சுத்தமாப் போயிடுச்சு சிஸ்டர். வீட்ல நல்ல காதுல மாட்டிக் கேக்கறீங்க, அதான் சரியா வருது. ஹால்ல ஸ்பீக்கர் சத்தம் சுவத்துல எல்லாம் மோதி எதிரொலிக்கும், ஒத்தக் காதை வச்சுக்கிட்டு எஸ்ஸை எங்க பிடிக்கிறது? எப்படி ஆச்சு இது?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா."

"பாத்ரூம்ல விழுந்தா மண்டை உடையும், கை உடையும். காது ஜவ்வு மட்டும் தனியாக் கிழியாது. யார்கிட்ட காது குத்தறீங்க?"

காது அக்கா மேலே தோண்டவில்லை. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினால் பரீட்சையில் தனி அறை கொடுப்பார்கள், காதில் மாட்டிக் கேட்கவும் விடுவார்கள், வேலைக்கும் இது தடையில்லை, தான் விசாரித்தாயிற்று என்று மட்டும் சொன்னார். ஆனால் எப்படி ஆனது என்று டாக்டர் கேட்பார். அவர் தினமும் வார்டுக்கு வருகிறவர். அவர் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

"இன்னொரு தடவை இப்படியே எழுதிப் பாக்கறேன்க்கா" என்று கிளம்பிவிட்டாள். வெட்கம் அடித்தவனுக்கு வராமல் அடி வாங்கியவளுக்கு வருகிறதே, அந்த அநியாயத்தை என்னவென்று சொல்வது!

மூன்றாவது தடவை ஹாலில் ஸ்பீக்கர் எதிரே கரும்பலகைக்கு மேல் இருந்தது. இடம் மாற்றித் தரக் கேட்டாள். எண் போட்ட இடம் என்று மறுத்துவிட்டார்கள். பதிவு ஓட ஆரம்பித்ததும் அவள் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது காதை ஸ்பீக்கருக்கு நேராக வைத்துக்கொண்டாள். எவ்வளவு தெளிவு! எஸ் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பாதித்தாள் வரை ஒன்றுகூடத் தவறவில்லை. அப்போது யாரோ மேஜையைத் தட்டினார்கள். கண்காணிப்பாளர்.

"பக்கத்துப் பேப்பரைப் பாக்காதீங்க."

இடது பக்கம் ஒரு பையன் தன் தாளை முழங்கையால் மறைத்துக்கொண்டு அவளை முறைத்தான்.

"நான் பாக்கல சார், கேக்கறேன்."

"பேசக்கூடாது. நேரா உக்காருங்க. இன்னொரு தடவை திரும்பினா வெளியில அனுப்பிடுவேன்."

இந்தப் பேச்சு முடிவதற்குள் பதிவில் இருந்த ஆள் எதையோ சொல்லி, அதை மாற்றியும் சொல்லி, அடுத்த இடத்துக்குப் போய்விட்டான். அவள் நேராக உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் தண்ணீருக்குள் பேசுகிற பேச்சு. அந்தப் பையன் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

முடிவு வந்த சாயங்காலம் அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். மறுபடியும் அதே அரைப் புள்ளி. செல்போனைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் அவளுக்கு வலது பக்கமாக வந்து நின்றார்.

"எத்தனை தடவைடி? காதை எங்க அடகு வச்சிருக்கே?"

கை மேலே போனது. எத்தனையோ தடவை பார்த்த கை. எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறவள் அன்றைக்கு மூடவில்லை.

"இந்தப் பக்கம் வேண்டாங்க" என்றாள். "இந்தக் காதுலதான் பரீட்சை எழுதறேன். அந்தக் காது நீங்க அடிச்ச அன்னைக்கே போயிடுச்சு."

கை அந்தரத்தில் நின்றது. மாமியார் வாசல்படிக்கு வந்து, "அது பாத்ரூம்ல வழுக்கினது இல்ல?" என்றாள். தான் கட்டிய கதையைத் தானே நம்பிவிட்டிருந்தாள். மருமகள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: கண்ணாடி அறை, பொத்தான், சான்றிதழ், தனி அறை. வீட்டுக்காரர் கையை இறக்கிக்கொண்டார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு மனுஷனுக்கு உறைத்துவிட்டது என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். பாவம், நினைத்தாள்.

"சரி விடு" என்றார் அவர், பெரிய மனதோடு. "இனிமே வலது பக்கம் கை வைக்கமாட்டேன். போதுமா?"

"அதான் சொல்லிட்டானே" என்றாள் மாமியார். "சாப்பாட்டை எடுத்து வை."

அவள் எடுத்து வைத்தாள். அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் காது டாக்டரின் அறைக்கு முன்னால் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "எப்படி ஆச்சு சிஸ்டர்?" என்றார். பக்கத்தில் இன்னொரு நர்ஸ் நின்றிருந்தாள். இங்கே வாயைத் திறந்தால் நாளைக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிடும், அப்புறம் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிடும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் வீட்டுக்காரர் அடிச்சது டாக்டர்."

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடிபட்ட காயம்னு மட்டும் எழுதறேனே. பரீட்சைக்காரங்களுக்கு அது போதும்."

"அவங்களுக்குப் போதும் டாக்டர்" என்றாள் அவள். "எனக்குப் போதாது. யார் அடிச்சதுன்னு எழுதுங்க."