குடத்துக்கு ஆடிய மூணு சீட்டு

எதிராளியின் குணத்தைப் படித்துச் சீட்டாடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் எனக்கு எதிராளி ஒரே ஒருவர்தான். என் ஓரகத்தி.

ஐம்பதுகளின் நடுவில் கீரமங்கலம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டேன். ஊருணியில் தண்ணீர் எடுக்க மாமியார் முறை போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை என் முறை. எனக்கோ இடுப்பில் குடம் நிற்காது. பாதித் தண்ணீர் சேலையில்தான் வீடு வந்து சேரும். மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் நானும் அக்காவும், அதாவது ஓரகத்தியும், மூணு சீட்டு போடுவோம். பந்தயம் கட்ட ஆளுக்கு இருபது புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவள் அன்றைய தண்ணீரைத் தூக்க வேண்டும்.

மற்ற நாட்களில் அக்கா நிதானம். சீட்டு மட்டமென்றால் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும் சீட்டைப் பார்க்காமலே மூன்று கொட்டை, ஐந்து கொட்டை என்று தள்ளுவார். எண்ணெய் தேய்த்துக் குளித்த மயக்கம் என்று நான் முடிவு கட்டினேன். இப்படி ஆடுகிறவரிடம் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு மிரட்டிப் பயனில்லை, பயப்படவே மாட்டார். ஆகவே மட்டத்தையெல்லாம் கவிழ்த்துவிட்டு, ஒரு ஜோடி விழும்வரை பொறுத்திருந்து, விழுந்ததும் அவர் தள்ளுவதையெல்லாம் வாரிக்கொள்வேன். அடடா, என்ன மூளை! வாராவாரம் மாமியார் எழுவதற்குள் அவர்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வந்தார்.

நாலு மாதம் கழித்து எனக்கு இரக்கம் வந்து தொலைத்தது. பாவம், ஒரு வெள்ளியாவது ஜெயிக்கட்டும் என்று நானும் பார்க்காமல் தள்ளினேன். அக்காவும் விடாமல் தள்ளினார். சனியன், நல்ல சீட்டெல்லாம் அவருக்கே விழுந்தது. என் கொட்டை தீர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டேன்.

“நானே போறேன், குடத்தைக் குடு” என்றார்.

“ஆட்டம்னா ஆட்டந்தான். நீங்க உக்காருங்கக்கா.”

அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். அக்கா வாயை மூடிக்கொண்டார். நான் பெரிய வள்ளலாட்டம் கிளம்பினேன்.

ஊருணிக் கரை அம்மன் கோவில் வாசலில் ஒரு வயதான அம்மாள் தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். என் குடத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“சின்ன மருமகளாத்தா? எம்மக வரலையா? அவ மொகத்தைப் பாக்கத்தான் வெள்ளிக்கு வெள்ளி ஏழு மைலு நடந்து வாரேன்.”

சீர்த் தகராறில் அக்காவின் பிறந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சில்லை என்பது தெரியும். மாமியார் ஏன் வெள்ளிக்கிழமையை என் தலையில் கட்டினார் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா ஏன் அப்படி ஆடினார் என்பதும்.

“சீட்டுல அக்கா ஜெயிச்சிருச்சு” என்று உளறினேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டியைத் திறந்து, “இத வீட்டுக்குக் கொண்டுபோனா வம்பு. நீயாவது தின்னுத்தா” என்று கொழுக்கட்டையை நீட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுக்கத் தைரியமில்லாமல் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கொல்லைக்கு இழுத்துப் போனேன். “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனேக்கா!”

“நானும் ஒன் ஆட்டத்தைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஜோடி விழுந்தா மொகமெல்லாம் பல்லு. அத்தை கேட்டா ஒரு நிமிசம் தாங்குவியா நீ?”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையும் நிஜமாயிற்றே.

“அம்மா என்ன கொண்டாந்துச்சு?”

“கொழுக்கட்டை.”

“நீ தின்னியா?”

“இல்லக்கா.”

அக்கா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இனிப்பு சரியா இருந்துச்சா?” என்று கேட்டார்.