மூன்று வளைவுப் பாலம்

நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி... இது 1983 ஆகஸ்டில் ஏற்காட்டில் நடந்தது. தேவகுமாரி டீச்சர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை.

அவர் பூகோள டீச்சர். கணவர் லூர்துராஜ் காய்ச்சலில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. டீச்சர் அழவில்லை. சாப்பிட்டார், தூங்கினார், பாடம் நடத்தினார். எதுவும் மனதுக்குள் இறங்கவில்லை.

ஞாயிறு மதியங்களில் பாதர் ரெனோவின் பங்களாவுக்குப் போவார். பாதர் பிரெஞ்சுக்காரர். நாற்பது வருஷம் மலையிலேயே இருந்துவிட்டு, இப்போது படுத்த படுக்கை. சாவதற்குள் தன் ஊரான மூலேனைப் பற்றித் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆசை. அவர் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதுவார். அல்லியே ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஒரு காலத்தில் பூர்போன் பிரபுக்களின் தலைநகர். மணிக்கூண்டில் அப்பா, அம்மா, மகன், மகள் என்று நான்கு பொம்மைகள் நின்று மணி அடிக்கும்; முழு மணிக்குப் பெரியவர்கள், கால் மணிக்கொரு தரம் பிள்ளைகள் மெல்லிசாக. எல்லாம் நோட்டில் ஏறியது.

அந்த ஞாயிறு மூன்று பத்துக்கு டீச்சர் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாதபடி மஞ்சு மூட்டம். பாதர் கண்ணை மூடியிருந்தார். குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"எழுதுங்க டீச்சர். ஆத்து மேல பாலம். மூணு வளைவு."

எழுதினார்.

"தண்ணி நொம்ப ஏறுதுங்க."

வெளியே மழை இல்லை. ஆனால் சலசலவென்று சத்தம்... தரைக்கு அடியில்.

மூன்று முப்பது. மணி அடித்தது. மெல்லிய இரண்டு அடி. ஏற்காட்டில் அப்படி ஒரு மணியே கிடையாது.

பேனா நிற்கவில்லை. பயமும் வரவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு அக்கரையில நிக்கறாருங்க. பாலத்து வழியா வந்துருங்க."

பாதரின் உதடு அசையவில்லை...

டீச்சர் எழுந்தார்.

காலடியில் ஈரக்கல். ஒரு அடி... இன்னொரு அடி. போனால்தான் என்ன என்று இருந்தது.

மடார்... பின்னால் கதவு திறந்தது.

"டீச்சர், எங்க போறீங்க?"

சமையல்காரர் மரியஜோசப், கையில் காபியோடு. டீச்சர் வாசலைத் தாண்டிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"பாதர்தான் வரச் சொன்னாருங்க."

"பாதருங்களா? காலைல ஊசி போட்டதுல இருந்து அவரு வாயே தொறக்கலைங்களே."

அன்று மாலை கண் விழிக்காமலே பாதர் இறந்தார்.

நோட்டில் இருந்ததை டீச்சர் ஆங்கிலத்தில் எழுதி, மூலேனில் இருந்த பாதரின் தங்கைக்கு அனுப்பினார். டிசம்பரில் பதில் வந்தது. எல்லாம் சரி, பாலம் மட்டும் தவறு. இப்போதுள்ள பாலத்துக்குப் பதின்மூன்று வளைவுகள். மூன்று வளைவுப் பாலம் 1710ஆம் வருஷமே வெள்ளத்தில் இடிந்து போய்விட்டது. அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும்.

டீச்சர் கடிதத்தை மடித்தார். நோட்டை எடுத்து, 'மூணு வளைவு' என்று தான் எழுதிய வரியைப் பார்த்தார்.

லூர்துராஜ் போன பிறகு, அன்றுதான் அவருக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.